டார்சியின் பெயரில்

திங்கட்கிழமை சாயங்காலம் நாலே காலுக்குப் பந்தயக் கணக்குப் பார்க்கும் பெவர்லி அம்மா போனில் கூப்பிட்டு, பணம் கட்டியதற்கு நன்றி சொன்னார். ஹேடன் பணம் எதுவும் கட்டியிருக்கவில்லை.

டயர்க்கடையின் பின்பக்கம், தேய்ந்துபோன டயர்களைக் குவித்துவைத்திருந்த இடத்தில், தகரக் கூரையின் நிழல் ஒரு முழம் அகலத்துக்கு விழுந்திருந்த சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றபடிதான் அவன் அந்தப் போனை எடுத்தான். பிப்ரவரி மாதம், அங்கே அது நடுக்கோடை, நாற்பத்தொரு டிகிரி வெயில். ரப்பர் வாசமும் சூடான தூசியின் வாசமும் மூக்கை அடைத்துக்கொண்டிருந்தன. உள்ளே முதலாளி மிக், காற்றடிக்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நாலாயிரம். ரெண்டு தடவை எண்ணிட்டேன், சரியா இருக்கு," என்றார் பெவர்லி. "ஆனா கண்ணு, அடுத்த தடவை தலையத் துவட்டிட்டு வா. கிளப்புல ஏசிய என்னமா வெச்சிருக்கானுங்க! நனைஞ்ச உடம்போட உக்காந்தா சளி புடிக்கும். நீ போனப்புறம் அந்தப் பொண்ணு நாற்காலிய மூணு தடவை துடைச்சா, பாவம்."

"நனைஞ்சா?" என்று கேட்டான் ஹேடன்.

"அப்புறம் இன்னொண்ணு. குரல வெச்சு உன்ன நாப்பது வயசு ஆளுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! பார்த்தா பால் வடியற மூஞ்சி. இந்த வயசுல உனக்கு எதுக்குடா பதினோராயிரம் கடன்?" சத்தமாகச் சிரித்தார். "சரி டார்சி, அடுத்த திங்கக்கிழம பாப்போம்."

போனை வைத்துவிட்டார். ஹேடன் அந்த ஒரு முழ நிழலில் அப்படியே நின்றான். டார்சி என்பது அவன் பெயரல்ல. அவனுடைய அண்ணன் பெயர். அண்ணன் செத்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது.

செத்தவன் பெயரில் எதற்குப் பந்தயம் கட்டினான் என்று கேட்டால், உயிரோடு இருப்பவன் பெயரில் கட்ட முடியாததால்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், கேரவன் வாங்கச் சேர்த்துவைத்த பணம் முழுவதையும் ஹேடன் குதிரைமேல் வைத்துத் தொலைத்தான். அவன் மனைவி லீயான், மகள் டெஸ்ஸைக் காரில் உட்காரவைத்து, அடிலெய்டில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சூதை விட்டவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொடுக்கும் அரசாங்கப் பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதில் அவன் ஆயுளுக்கும் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தான். சமையலறை மேஜையில், அவள் கண்ணெதிரே. அன்றிலிருந்து இந்த நாட்டில் எந்த நிறுவனமும் ஹேடன் ப்ரோகன் என்ற பெயரில் ஒரு டாலர்கூடப் பந்தயம் வாங்கக் கூடாது.

"இன்னொரு தடவை நடந்தா நான் திரும்பி வர மாட்டேன்," என்று லீயான் சொன்னாள். "டெஸ்ஸும் வர மாட்டா. அவளுக்கு அப்பான்னா வருஷத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் கார்டுதான்." கோபமே இல்லாமல் சொன்னாள்.

ஆனால் பட்டியலில் இருந்தது ஹேடனின் பெயர் மட்டும்தானே. அந்த இடுக்கைக் கண்டுபிடிக்க அவன் மூளைக்குப் பதினான்கு மாதம் ஆனது. நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் கார்வில் ஊரில், கோர்மன் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குதிரைப் பந்தயத் தொழில் நடத்துகிறது. ஹேடனின் அப்பா டெட் அவர்களிடம் கணக்கு வைத்திருந்தவர். தெரிந்த குடும்பம் என்றால் போனிலேயே கடனுக்குப் பந்தயம் எடுப்பார்கள். டெட்டுக்கு இரண்டு பையன்கள் என்று அவர்களுக்குத் தெரியும், ஒருத்தன் போய்ச் சேர்ந்தது தெரியாது. "டெட் ப்ரோகனோட பையன் பேசறேன், டார்சி," என்று ஹேடன் சொன்னான். நாக்கு கூசவில்லை.

கோர்மன் நிறுவனம் கடனுக்காக யாரையும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. திங்கட்கிழமை இரண்டிலிருந்து நாலு மணிவரை, கார்வில் கிளப்பின் பின்கட்டில், பெவர்லி ஒரு தகரப் பெட்டியையும் நூல் பின்னும் குரோஷா ஊசியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோற்றவர்கள் வந்து கொடுப்பார்கள், ஜெயித்தவர்கள் வாங்கிப் போவார்கள். ஹேடன் மட்டும் முகம் காட்டாமல் போனிலும் தபாலிலும் கணக்கு முடித்துவந்தான். கெடு கொடுத்து மூன்று திங்கட்கிழமை தாண்டியும் வராதவன் வீட்டுக்குப் பெரிய கோர்மன் டை கட்டிக்கொண்டு நேராக வருவார். கதவைத் தட்டுவார். "ஒரு டீ கிடைக்குமாம்மா?" என்பார். சமையலறையில் உட்கார்ந்து, பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால், எவ்வளவு, எப்போதிலிருந்து என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் போலீஸ் ஜீப்பைவிட அந்த டீக்குத்தான் பயம்.

ஹேடனுக்கு இன்னும் இரண்டு திங்கட்கிழமை பாக்கி இருந்தது. கடன் பதினோராயிரத்து நானூறு. கையில் இருந்ததோ அறுநூறு.

யாரோ ஆள் மாறிக் கட்டியிருக்கிறான் என்று முதலில் சொல்லிக்கொண்டான். வேறொரு டார்சி. வேறொரு கணக்கு. வயதான அம்மா, குழப்பிக்கொண்டிருக்கலாம். கடை மூடி வண்டியைத் திறந்தபோது பக்கத்து இருக்கை நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டில் கொட்டியிருக்கும் என்று தொட்டுப் பார்த்தான். நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டி, ஸ்டியரிங்கைத் தொட முடியாத சூடு. இருக்கை மட்டும் சில்லென்று இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனான். சேறு, அழுகிய பாசி, துருப்பிடித்த இரும்பு. அது என்ன வாசம் என்று அவனுக்கு உடனே தெரிந்தது. தெரியாததுபோல் துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

புதன்கிழமை டெஸ் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற குழந்தை.

"அப்பா, என் ஜன்னல்ல யாரு கை வெச்சது?"

போய்ப் பார்த்தான். வெளிப்பக்கக் கண்ணாடியில் ஓர் உள்ளங்கையின் ஈர அச்சு. ஐந்து விரலும் தெளிவாக இருந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புல்லெல்லாம் காய்ந்து கம்பியாக நின்றது. மேற்கு வெயில் நேராக அந்தக் கண்ணாடிமேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஈரத் துணியைக் கொடியில் போட்டால் பத்து நிமிடத்தில் மொறமொறவென்று ஆகிற வெயில் அது. அந்தக் கை மட்டும் காயவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கும் விரல் நுனிகளிலிருந்து சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"பெரிய கை," என்றாள் டெஸ், தன் கையை உள்ளேயிருந்து அதன்மேல் பொருத்திப் பார்த்தபடி.

"கைய எடு," என்று கத்தினான் ஹேடன். குழந்தை திடுக்கிட்டுப் போனாள். அதற்காக லீயானிடம் திட்டு வாங்கினான்.

இரண்டாவது திங்கட்கிழமை, அதே நாலே காலுக்குப் போன் வந்தது.

"இன்னொரு நாலாயிரம்," என்றார் பெவர்லி. "எல்லாம் அம்பது டாலர் நோட்டு, தொப்பத் தொப்ப. பிளாஸ்டிக் நோட்டா இருக்கறதால பொழச்சுது. காகிதமா இருந்திருந்தா கஞ்சிதான் மிஞ்சியிருக்கும். ஏன் கண்ணு, நீ என்ன நீந்தியா வர?"

ஹேடன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லிவிட அதுதான் சமயம். நான் டார்சி இல்லை, வருகிறவன் யாரென்று பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கோர்மன் டை கட்டிக்கொண்டு வருவார். டீ கேட்பார்.

"நான் இன்னிக்கு என்ன பேசினேன்?" என்று கேட்டான்.

"இது என்ன கேள்வி? போன்ல அத்தன வாயடிக்கற, நேர்ல பார்த்தா ஊமை! ஒரே ஒரு வார்த்தைதான் சொன்ன. 'கை குடுத்தா குடுத்ததுதான்'னு. பெரிய கோர்மன் கேட்டிருந்தா கண்ணு கலங்கியிருப்பார். இந்தக் காலத்துப் பசங்க யாரு அப்படிச் சொல்றா?"

காற்றடிக்கும் இயந்திரம் நின்றது. மிக் எட்டிப் பார்த்து, "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? எந்தக் குதிரை விழுந்துச்சு?" என்று கேலி செய்தான்.

கை கொடுத்தால் கொடுத்ததுதான். அப்பா டெட் சொல்லிச் சொல்லி வளர்த்த வார்த்தை அது. கோர்ட்டை ஏமாற்று, வங்கியை ஏமாற்று, கை குலுக்கிக் கட்டின பந்தயத்தை மட்டும் ஏமாற்றாதே என்பார். ப்ரோகன் வீட்டில் வேதம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஊருக்கு வெளியே, ஆற்றுத் தண்ணீரைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் ஒன்று உண்டு. நெடுஞ்சாலை வரும் இடத்தில் அது முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் குழாய்க்குள் புகுந்து, சாலைக்கு அடியில் ஓடி, அந்தப் பக்கம் வெளியே வரும். குழாயில் விளிம்புவரை தண்ணீர் நிற்கும், மூச்சு விட ஒரு விரற்கடை இடம் இருக்காது. இருபத்துமூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி மாதம், இப்படியொரு வெயிலில், பத்தொன்பது வயது டார்சி அந்தக் குழாயின் வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, பதினேழு வயதுத் தம்பியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"நான் இதுல பூந்து அந்தப் பக்கம் வந்துட்டேன்னா, அடுத்து நீ போற. வரலன்னா உனக்கு அம்பது டாலர். என்னடா, சம்மதமா? இல்ல பயமா?"

"எனக்கென்ன பயம்?" என்று ஹேடன் கை குலுக்கினான்.

சாலையைக் கடந்து மறுபக்கம் போய் நின்றான். நூறுவரை எண்ணினான். இருநூறு. பாதிக் குழாயில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்தது. உள்ளே குதித்திருக்கலாம். கால் நகரவில்லை. பதினொரு நிமிடம் கழித்து, தண்ணீர் மெல்லத் தள்ளித் தள்ளி, டார்சியை வெளியே கொண்டுவந்தது. முகம் கீழே இருந்தது. கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று ஹேடன் போலீஸிடம் சொன்னான். பந்தயத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை, லீயானிடமும் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு அந்த விஷயம் உறைத்தது. டார்சி அந்தப் பக்கம் வந்துவிட்டான். உயிரோடு வர வேண்டும் என்று பந்தயத்தில் யாரும் சொல்லவே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் மூவாயிரத்து நானூறுதான் பாக்கி. மிக்கிடம் கெஞ்சினால் முன்பணம் கிடைத்திருக்கும். ஆனால் சூதாடுகிறவனின் புத்தியே தனி. தலைமேல் இருந்த பாறாங்கல் பாதி இறங்கியதும், யார் இறக்கினார்கள் என்று அது யோசிப்பதில்லை, அடுத்து எதைத் தூக்கலாம் என்றுதான் யோசிக்கிறது. சனிக்கிழமை பெரிய கோப்பைப் பந்தயம். சில்வர் கேட் என்ற பெண் குதிரை. இரண்டாயிரம் வைத்தால் மொத்தக் கடனும் தீர்ந்து மேலே கொஞ்சம் நிற்கும். அடைக்கிறது பேயாகவே இருக்கட்டும், பணம் பணம்தானே என்றுகூட ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காக வெட்கப்பட்டான். பிறகு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கோர்மன் அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"டார்சி ப்ரோகன்," என்றான்.

மறுமுனையில் பெண் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதன் பின்னால், அதற்கும் கீழே, இன்னொரு சத்தம். நீளமான ஏதோ ஒன்றின் உள்ளே தண்ணீர் மெதுவாக நகர்கிற சத்தம். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மாதிரி ஒரு கனம். "சொல்லுங்க சார்," என்றாள் அந்தப் பெண். அவளுக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது. ஹேடன் குதிரையின் பெயரையும் தொகையையும் சொன்னான். சில்வர் கேட் நாலாவதாக வந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை, பல் வலி என்று மிக்கிடம் பொய் சொல்லிவிட்டுக் கார்வில்லுக்கு ஓட்டினான். வருகிறவனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் அது ஒரு மனிதனாக இருக்கும். மனிதனாக இருந்தால் பேசலாம்.

கிளப்பில் வறுத்த இறைச்சியும் பழைய கம்பளமும் கலந்த வாசம். வயசானவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு காசு போட்டுச் சூதாடும் இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவை குருவிபோல் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன. பின்கட்டில், சிவப்பு நாற்காலிகளுக்கு நடுவே, தகரப் பெட்டியோடு ஒரு வெள்ளைத் தலை. எதிரே இருந்த நாற்காலியின் அடியில், கம்பளம் கறுத்துப்போய்க் கிடந்தது. ஈரம். அந்த வாசம் அங்கே இருந்தது.

பெவர்லி நிமிர்ந்து பார்த்து முகம் மலர்ந்தார். "அட, அண்ணனா? அதே மூக்கு, அதே மூஞ்சி! உன் தம்பி இப்பத்தான் போறான் கண்ணு. கால் மணி நேரம்தான் ஆகுது."

"அவன் எங்க போறேன்னு சொன்னான்?" என்றான் ஹேடன்.

குரோஷா ஊசி நின்றது.

பெவர்லி அவனையே பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தைவிட்டு இறங்கியது. இரண்டு வருடமாக, வாரம் தவறாமல், போனில் கேட்ட குரல் அது.

"இது அவன் குரல்," என்றார். "போன்ல பேசறது நீதான்."

ஹேடன் தலையை ஆட்டினான்.

"அப்போ..." பெவர்லி அந்த நாற்காலியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "மூணு வாரமா என் எதிர்ல உக்காந்து போனது யாரு?"

ஹேடன் நாற்காலியின் அடியில் இருந்த ஈரத்தைப் பார்த்தான். பெவர்லி பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளினார்.

"மூவாயிரத்து நானூறையும் கட்டிட்டான். கணக்க மூடிட்டான். என் பேர்ல இனி யாரு கூப்பிட்டாலும் எடுக்காதீங்கன்னான். சனிக்கிழமை வெச்ச ரெண்டாயிரம் மட்டும் என்னோடது இல்லன்னுட்டான். 'என் பேர அவன் எடுத்துக்கிட்டான். அதனால நான் அவன் வீட்டுல ஒரு பேர எடுத்துக்கறேன்'னான். அவனே எழுதினான். நான் வேற எங்கயோ பராக்குப் பார்த்துட்டு வாங்கி வெச்சுட்டேன். யாரு கண்ணு இது?"

காகிதம் நனைந்து மசி பரவியிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. டெஸ் ப்ரோகன்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு எப்படி வந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது போன் அடித்தது. லீயான்.

"ஹேடன், டெஸ் போன் பண்ணினா. பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்கு வந்துட்டாளாம். யாரோ வந்திருக்காங்களாம். பெரியப்பாங்கறா. ஏன் இப்படிப் பேசறா அவ? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"என்ன... என்ன பண்றான்?"

"சமையல்கட்டுல உக்காந்து டீ கேக்கறாராம். உடம்பெல்லாம் ஈரமாம். நான் வேலையில மாட்டிக்கிட்டிருக்கேன், கையும் ஓடல காலும் ஓடல. பக்கத்து வீட்டுக்குப் போன் போடலாம்னு இருந்தேன். அப்புறந்தான் நீ இருக்கியேன்னு... நீ கடையிலதான இருக்க?"

அந்த ஒரு வார்த்தைக்காக லீயான் காத்திருந்தாள். கார்வில்லில் இருக்கிறேன் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் கோர்மன். கோர்மன் என்றால் கிறிஸ்மஸ் கார்டு. இரண்டு வருடமாகப் பொய் சொல்லிப் பழகிய வாய் அது. அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"கடையிலதான்."

"அப்பாடா. ரெண்டு நிமிஷத்துல போயிடுவல்ல? போ, சீக்கிரம் போ!" அவள் வைத்துவிட்டாள்.

அவன் வண்டியைக் கிளப்பினான். திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வந்துவிட்டிருந்தான். அந்தச் சாலையில் போன் எடுக்காது. அது எல்லாருக்கும் தெரியும். நாற்பது நிமிட வழியை இருபத்தாறு நிமிடத்தில் ஓட்டினான். வழி முழுக்கப் பக்கத்து இருக்கையிலிருந்து சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"டெஸ்!"

சமையலறை மேஜையில் ஒரு கோப்பை. டீ கடைசிச் சொட்டுவரை குடிக்கப்பட்டிருந்தது. அடியில் கொஞ்சம் மணல். நாற்காலியிலிருந்து பின்கதவுவரை ஈரக் காலடிகள். பெரியவை. அவற்றின் பக்கத்தில், ஒட்டி ஒட்டி, சிறியவை. சிறியவையும் ஈரமாகத்தான் இருந்தன.

ஓடினான். காய்ந்த புல் காலைக் கிழித்தது. தோட்டத்து வேலியைத் தாண்டினான். முந்நூறு மீட்டரில் வாய்க்கால். வெயில் இன்னும் சாயவில்லை. தண்ணீர் பழுப்பாக, சலனமே இல்லாமல் கிடந்தது.

குழாயின் வாயில், கான்கிரீட் விளிம்பின்மேல், டெஸ்ஸின் பள்ளிக்கூடக் காலணிகள். உள்ளே மடித்துவைத்த காலுறைகள். அவற்றின் அருகே, ஒழுங்காக, ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. ஒரு பக்க வார் அறுந்து, ஆணி குத்திச் சரிசெய்தது. அந்த ஆணியைக் குத்தியது ஹேடன்தான். இருபத்துமூன்று வருடத்துக்கு முன்.

உள்ளே குதி. இப்போதே. குதி.

கால் நகரவில்லை.

அவன் சாலையைக் கடந்து மறுபக்கம் ஓடினான். பெரிய லாரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு உரசிப் போனது. அன்றைக்கு நின்ற அதே இடம். அதே வெயில். எண்ண ஆரம்பித்துவிட்டான். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். முப்பது. நாற்பது. "டெஸ்!" என்று கத்தினான். குழாய் அவன் குரலை வாங்கி வைத்துக்கொண்டது. தொண்ணூறு. நூறு. அழுதான். நூற்றுப்பத்து.

தண்ணீர் குமிழியிட்டது.

முதலில் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. பிறகு டெஸ், தானாகவே, மெல்ல எழுந்து, மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். சீருடைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காதில் பாசி தொங்கியது. அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டேன்பா."

அவன் கரையின் விளிம்புக்கு ஓடினான். "வா. வா கண்ணு. மேல வா. அப்பாகிட்ட வா."

"என் பேர்ல ரெண்டாயிரம் கடன் இருந்துச்சாம். பெரியப்பா சொன்னாரு. தீர்ந்துபோச்சு." அவள் பேசும்போது வாயோரத்தில் தண்ணீர் வழிந்தது. நிற்கவே இல்லை. "இப்ப நீதான் பாக்கி."

கால்சட்டைப் பையில் போன் அடித்தது. லீயானாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

டெஸ் கையை நீட்டினாள். தூக்கிவிடச் சொல்லும் குழந்தை நீட்டுவதுபோல அல்ல. நேராக, கட்டைவிரல் மேலே இருக்க, பெரிய ஆண்கள் நீட்டுவதுபோல. அவள் தோளுக்குப் பின்னால், குழாயின் இருட்டுக்குள் தண்ணீர் மட்டத்தில், ஐந்து வெளுத்த விரல்கள் கான்கிரீட் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"கை குடுப்பா," என்றாள்.

முப்பது மீட்டர் தூரம் தண்ணீருக்கு அடியில் வந்தவள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஹேடன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான். அவள் ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை.